சாமி மலையேறிய சொல்

1708 மே 25. லண்டன் நகர மதிலுக்கு வெளியே பன்ஹில் இடுகாட்டில் கூட்டம் கூடியிருந்தது. ஐந்து மாதத்துக்கு முன் அங்கே புதைக்கப்பட்ட தாமஸ் எம்ஸ் என்ற வைத்தியர் அன்று குழியிலிருந்து எழுந்து வருவார் என்று அவருடைய கூட்டாளிகள் நாள் குறித்துச் சொல்லியிருந்தார்கள். பொழுது சாய்ந்தது. எம்ஸ் எழவில்லை.

நாள் குறித்தவர்கள் ‘பிரெஞ்சுத் தீர்க்கதரிசிகள்’ என்று அழைக்கப்பட்டவர்கள். கத்தோலிக்க அரசின் கொடுமைக்குத் தப்பித் தென் பிரான்சின் செவென் மலைப்பகுதியிலிருந்து 1706-இல் லண்டன் வந்து சேர்ந்த சில புராட்டஸ்டன்டுகளும், அவர்களைச் சுற்றித் திரண்ட ஆங்கிலேயர்களும் அதில் இருந்தார்கள். அருள் வந்தால் உடல் நடுங்கும், தரையில் விழுவார்கள், வாயிலிருந்து வாக்கு வரும். அவர்களில் மூவரை 1707-இல் பொது இடத்தில் மேடையேற்றி நிறுத்தி அவமானப்படுத்தியது நீதிமன்றம். அவர்களுக்கு வந்தது என்ன நோய் என்று கேட்டால் படித்த ஆங்கிலேயர் யாரும் தயங்காமல் ஒரே பெயரைத்தான் சொல்லியிருப்பார்: என்தூசியாசம்.

இன்று வேலைக்கு மனுப் போடும் பிள்ளைகள் பயோடேட்டாவின் முதல் வரியிலேயே தம்மை ‘என்தூசியாஸ்டிக்’ என்று எழுதிக்கொள்கிறார்கள். அன்றைக்கு அப்படி எழுதிக் கொடுத்திருந்தால், இவனைக் கணக்கெழுத வைப்பதா, பெட்லம் பைத்தியக்கார விடுதிக்கு அனுப்புவதா என்று முதலாளி யோசித்திருப்பார். முந்நூறு ஆண்டில் ஒரு சொல் வசையிலிருந்து தகுதிச் சான்றிதழாக மாறியிருக்கிறது. அகராதியைத் திறந்து ‘உற்சாகம்’, ‘ஆர்வம்’, ‘ஊக்கம்’ என்று பார்த்து மூடிவிடுகிற நமக்கு இந்தப் பயணம் கண்ணில் படுவதில்லை. படாததால் பழைய ஆங்கில நூல்களைத் தமிழாக்கும்போது தவறு செய்கிறோம், இன்றைய ஆங்கிலத்தைத் தமிழாக்கும்போதும் ஓரளவு தடுமாறுகிறோம்.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘என்’ என்றால் உள்ளே, ‘தியோஸ்’ என்றால் கடவுள். கடவுள் உள்ளே புகுந்த நிலைக்கு ‘என்தூசியாஸ்மோஸ்’ என்று பெயர். நம் ஊர் வழக்கில் சாமி வருவது. பிளேட்டோ ‘அயான்’ என்ற உரையாடலில் இதைக் காந்தத்தை வைத்து விளக்குகிறார். காந்தக்கல் ஓர் இரும்பு வளையத்தை இழுக்கும், அந்த வளையம் அடுத்ததை இழுக்கும், அது அதற்கடுத்ததை. கலைத்தெய்வம் கவிஞனைப் பிடிக்கிறது, கவிஞனிடமிருந்து பாடகனுக்கும் பாடகனிடமிருந்து கேட்பவர்களுக்கும் அது பாய்கிறது. பாராட்டு போலத்தான் தெரியும். ஆனால் கவிஞனுக்குத் தான் என்ன பாடுகிறோம் என்ற அறிவு இல்லை என்ற குத்தலும் அதற்குள் இருக்கிறது. போற்றலா தூற்றலா என்ற இந்த இரட்டை முகம் சொல்லோடு பிறந்தது. பிற்காலம் செய்ததெல்லாம் எந்த முகத்தை எப்போது காட்டுவது என்று தீர்மானித்தது மட்டும்தான்.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்து கோர முகத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1642-இல் தொடங்கிய உள்நாட்டுப் போர், 1649-இல் மன்னன் முதலாம் சார்லஸின் தலையைச் சீவிய கோடரி, அதன் பிறகு தெருவுக்கொரு தீர்க்கதரிசி. பாதிரியும் வேண்டாம், சபையும் வேண்டாம், கர்த்தர் என்னிடமே பேசுகிறார் என்றவர்கள் பலர். குவேக்கர் பிரிவைச் சேர்ந்த ஜேம்ஸ் நெய்லர் 1656-இல் பிரிஸ்டல் நகருக்குள் இயேசு எருசலேமுக்குள் நுழைந்ததைப் போலவே பவனி வந்தார், சீடர்கள் துதி பாடிக்கொண்டு கூடவே நடந்தார்கள். பாராளுமன்றமே கூடி விசாரித்தது. சவுக்கடி கொடுத்து, நாக்கில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் துளையிட்டு, தெய்வ நிந்தனைக்காரன் என்பதற்கான எழுத்தை நெற்றியில் சுட்டார்கள். 1661 ஜனவரியில் தாமஸ் வென்னர் என்ற பீப்பாய்த் தொழிலாளி ஒரு சிறு கூட்டத்தோடு லண்டன் தெருவில் ஆயுதம் ஏந்தினார், கிறிஸ்துவே ராஜா, வேறு ராஜா கிடையாது என்று. இந்த நினைவுகளோடு வாழ்ந்த தலைமுறைக்கு என்தூசியாசம் என்பது குடும்பத்தில் ஏற்கெனவே நாலு பேரைக் கொண்டுபோன காய்ச்சலின் பெயர்.

காய்ச்சல் என்றால் வைத்தியம் பார்க்கத்தானே வேண்டும்? அறிஞர் மெரிக் கசாபன் 1655-இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். கடவுள் அருளென்றும் பேய்ப்பிடி என்றும் மக்கள் நினைப்பது உண்மையில் இயற்கையின் விளைவு என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் தத்துவவாதி ஹென்றி மோர் இன்னும் ஒரு படி இறங்கி, பித்தம் மிகுந்த உடம்பில் கிளம்பும் ஆவியும் வாயுவும் மூளைக்கு ஏறுவதுதான் இது என்றார். சுருங்கச் சொன்னால், வாயுக்கோளாறு. ஜோனதன் ஸ்விஃப்ட் 1704-இல் ‘ஒரு தொட்டியின் கதை’யில் காற்றையே கும்பிடும் ஒரு மதப்பிரிவைக் கற்பனையில் படைத்து இந்த வாயுவை ஏப்பமாகவே வெளியேற்றிக் காட்டியது தனிக்கதை.

கசாபனின் வாதத்தைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு ஏற்கெனவே எங்கோ கேட்ட குரலாகத் தோன்றும். சங்க அகப்பாடல்களின் தோழியினுடைய குரல் அது. தலைவி மெலிகிறாள், வளை கழல்கிறது. தாய் வேலனை வரவழைக்கிறாள். முருகு ஏறிய வேலன் வெறியாடி, இது முருகனால் வந்த வருத்தம் என்கிறான். தோழிக்கோ உண்மை தெரியும்: இது மலைநாட்டுக்காரனால் வந்த நோய். குறுந்தொகையில் தோழி வேலனைப் பார்த்து, ஆட்டுக்குட்டியை அறுத்துக் கொடுக்கும் இந்தப் பலியை அந்த மலைநாடனின் மார்பும் சேர்த்துத் தின்னுமா என்று கேலியாகக் கேட்கிறாள். வேம்பற்றூர்க் கண்ணன் கூத்தன் என்ற புலவரின் பாடல் அது. நற்றிணையில் ஒரு தோழி வேலனை விட்டுவிட்டு முருகனையே பிடித்துக்கொள்கிறாள். உன்னால் வந்த நோய் இல்லை என்று தெரிந்தும் கூப்பிட்டதும் வந்து நிற்கிறாயே, நீ கடவுளாகவே இரு, ஆனாலும் மடையன்தான் என்று சொல்கிறாள். ஹென்றி மோர் வாயுவில் தேடிய விடையைத் தோழி ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முன்பே மார்பில் கண்டுவிட்டாள், அதுவும் கூடுதல் நகைச்சுவையோடு.

தத்துவத்தின் பக்கமிருந்து வந்த கடுமையான தாக்குதல் ஜான் லாக்கினுடையது. மனித அறிவு பற்றிய தம் பெருநூலின் நான்காம் பதிப்பில், 1700-இல், என்தூசியாசத்துக்கென்றே ஓர் அத்தியாயத்தைப் புதிதாகச் சேர்த்தார். அவர் கேட்டது எளிய கேள்வி. இது கடவுள் சொன்னது என்று உனக்கு எப்படித் தெரியும்? உறுதியாக நம்புவதால் தெரியும் என்கிறான். ஏன் உறுதியாக நம்புகிறாய்? கடவுள் சொன்னதால். மாடு செக்கைச் சுற்றுகிறது, எண்ணெய் வரவில்லை. நம் கோயில் கொடைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. சாமி வந்து ஆடுகிறவர் முன் ஊர்ப் பெரியவர் கைகட்டி நின்று, ‘வந்திருக்கிறது யாரு? எந்தச் சாமி?’ என்று பணிவாகத்தான் கேட்பார். ஆனால் அது விசாரணை. பதில் சரியில்லை என்றால், எரியும் சூடத்தை நாக்கில் வைக்கச் சொல்வதும் உண்டு. லாக் கேட்டது அந்தச் சூடத்தைத்தான்.

ஷாஃப்ட்ஸ்பரி பிரபு வேறு மருந்து சொன்னார். எம்ஸ் எழாமல் போன அதே 1708-இல் வெளிவந்த ‘என்தூசியாசம் பற்றிய கடிதம்’ என்ற சிறு நூலில், இவர்களைத் தண்டிக்காதீர்கள், சிரித்துவிடுங்கள் என்றார். பர்த்தலோமியு சந்தையில் தீர்க்கதரிசிகளைப் பொம்மலாட்டமாக ஆடிக்காட்டிக்கொண்டிருந்தார்கள், சிறைச்சாலையை விட அது நல்ல மருந்து என்பது அவர் கட்சி. துன்புறுத்தினால் தியாகியாவான், கேலி செய்தால் தெளிவான். இந்தக் காலத்து மீம் தயாரிப்பவர்கள் அறியாமலே ஷாஃப்ட்ஸ்பரியின் சீடர்கள். அதே நூலின் கடைசியில் அவர் நைசாக இன்னொன்றும் சொல்லிவிடுகிறார்: கவிஞரிடமும் வீரரிடமும் தத்துவவாதியிடமும் உயர்வாக இருப்பதும் ஒருவகை என்தூசியாசமே. பின்னால் நடக்கப்போகும் திருப்பத்துக்கு விதை அங்கே விழுந்தது.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவர் டேவிட் ஹ்யூம். 1741-இல் எழுதிய சிறு கட்டுரையில் மூடநம்பிக்கையையும் என்தூசியாசத்தையும் இரண்டு தனி நோய்களாகப் பிரித்தார். அச்சத்திலும் சோர்விலும் பிறப்பது மூடநம்பிக்கை. அதற்கு இடைத்தரகர் வேண்டும், ஆகவே பூசாரிகளை வளர்க்கும், அடங்கிப்போகச் செய்யும். நம்பிக்கையிலும் கர்வத்திலும் கொதிக்கும் கற்பனையிலும் பிறப்பது என்தூசியாசம். அதற்குத் தரகர் வேண்டாம். இடியும் புயலும் போல வெடித்து ஊரைக் கலக்கும், ஆனால் சீக்கிரம் ஆறும், ஆறிய பின் குடிமக்களின் உரிமைக்கு நண்பனாக நிற்கும். உதாரணம் குவேக்கர்கள்: நெய்லரின் காலத்தில் தெருவைக் கலக்கியவர்கள், ஹ்யூமின் காலத்தில் அமைதிக்குப் பெயர் போனவர்கள். மதத்தின் மேல் துளியும் பற்றில்லாத ஒருவர் சாமியாடிக்கு அரசியலில் ஓர் இடம் ஒதுக்கித் தந்தது சாதாரணமில்லை.

அதே பத்தாண்டுகளில் மெதடிஸ்ட் இயக்கத்தின் ஜான் வெஸ்லி ஊர் ஊராகக் குதிரையில் போய் வெட்டவெளியில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். கேட்டவர்கள் அழுதார்கள், விழுந்தார்கள். எக்ஸ்டர் பிஷப் லாவிங்டன் 1749 முதல் மெதடிஸ்டுகளையும் கத்தோலிக்கரையும் ஒரே தராசில் வைத்து இரண்டும் என்தூசியாசமே என்று புத்தகம் போட்டார். ஓவியர் ஹோகார்த் 1762-இல் வெளியிட்ட அச்சுப்படத்தில் ஒரு மெதடிஸ்டின் மூளை மேல் வெப்பமானியை நட்டு, பக்தியின் சூடு எத்தனை டிகிரி என்று அளந்து காட்டினார். வெஸ்லியோ 1750-இல் இந்தச் சொல்லையே பொருளாக எடுத்து ஒரு பிரசங்கம் செய்தார். எல்லாரும் வாயில் போட்டு மெல்கிறார்கள், பொருள் யாருக்கும் தெரியவில்லை என்று தொடங்கி, இல்லாத தெய்வ அருளை இருப்பதாக எண்ணும் பைத்தியமே என்தூசியாசம் என்று தாமே வரையறுத்தார். பிறகு, கிறிஸ்தவனாக வாழாமலே தன்னைக் கிறிஸ்தவன் என்று நினைத்துக்கொண்டிருப்பவனே முதல் நம்பர் என்தூசியாஸ்ட் என்று திட்டியவர்கள் பக்கமே கல்லைத் திருப்பி எறிந்தார். அவரும் அந்தப் பட்டத்தைப் பெருமையாக ஏற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1755-இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில் முதல் பொருள், கடவுள் தனக்குத் தனியே வெளிப்பட்டதாக ஒருவர் கொள்ளும் வீண் நம்பிக்கை. கற்பனையின் உயர்வு என்ற நல்ல பொருள் மூன்றாவதாகத்தான் வந்தது.

இந்தச் சண்டையின் ஓர் அலை நம் கரையையும் தொட்டிருக்கிறது. 1806 ஜூலை 10-ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். புதிய தலைப்பாகையும் நெற்றிக் குறிகளுக்கும் தாடிக்கும் விதித்த கட்டுப்பாடுகளும் அதற்கு உடனடிக் காரணம். ஆனால் லண்டனில் நடந்த வாதம் வேறு. கிறிஸ்தவ மிஷனரிகளின் மதவேகம்தான் சிப்பாய்களை மிரள வைத்தது, இப்படியே விட்டால் இந்தியா கையைவிட்டுப் போய்விடும் என்று துண்டுப் பிரசுரங்கள் பறந்தன. 1808-இல் எடின்பரோ ரெவ்யூ இதழில் சிட்னி ஸ்மித் இந்தியாவில் வேலைசெய்யும் மிஷனரிகளைக் கடுமையாக நையாண்டி செய்து எழுதினார். அவரும் ஒரு பாதிரியார் என்பதுதான் விசேஷம். நாகரிகமான பாதிரி பக்தியாக இருக்கலாம், பக்தியில் சூடாக இருக்கக்கூடாது என்பது அந்தக் காலத்து மேல்தட்டு ஆங்கிலேயரின் எழுதாத சட்டம்.

ஏறக்குறைய அந்தத் தலைமுறையோடு காற்று திரும்பியது. கவிதை விமர்சகர்கள் முன்பே வழி வெட்டியிருந்தார்கள். ஜான் டென்னிஸ் 1704-லேயே கவிதையின் உயிர்நாடியாக இந்தச் சொல்லைக் கையாண்டார். ஆனால் பெரிய திருப்பம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் மதாம் த ஸ்தால் ஜெர்மனியைப் பற்றி எழுதிய நூலை 1810-இல் நெப்போலியனின் போலீஸ் அச்சகத்திலேயே அழித்தது. 1813-இல் அது லண்டனில் வெளிவந்தது. அதன் கடைசி அத்தியாயங்கள் என்தூசியாசத்தின் புகழ்ச்சி. அவர் கிரேக்க வேரைத் தோண்டியெடுத்து, நம்முள் இருக்கும் கடவுள் என்ற பழைய பொருளையே அதன் பெருமையாக்கினார். எந்த வேரைக் காட்டி நூறாண்டு திட்டினார்களோ அதே வேரைக் காட்டிப் புகழ முடிந்தது. அமெரிக்காவில் எமர்சன் 1841-இல் பெரிய காரியம் எதுவும் இது இல்லாமல் நடந்ததில்லை என்ற பொருளில் எழுதிவிட்டார். அதன் பிறகு பள்ளிக்கூடச் சுவர்களுக்கும் விற்பனைப் பயிற்சிக் கூடங்களுக்கும் வாசகம் கிடைத்துவிட்டது.

சூசி டக்கர் என்ற மொழியியலாளர் இந்த ஒரு சொல்லின் பொருள்மாற்றத்துக்காகவே 1972-இல் ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார். கத்தோலிக்க அறிஞர் ரொனால்ட் நாக்ஸ் 1950-இல் எழுதிய பெரிய வரலாற்று நூல் பழைய பொருளையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதன் தலைப்பைப் பார்த்துவிட்டுத் தன்னம்பிக்கைப் புத்தகம் என்று வாங்கியவர்கள் யாராவது இருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த மாற்றத்தில் இலக்கணம் சொல்லும் கதை ஒன்று உண்டு. பழைய என்தூசியாசம் பெரும்பாலும் தனியாக நிற்கும். ஒருவனுக்கு அது இருக்கிறது, அவ்வளவுதான். காய்ச்சல் ‘எதில்’ என்று யாரும் கேட்பதில்லை. இன்றைய ஆங்கிலத்தில் அதற்குப் பின்னால் ஓர் உருபு வந்து ஒட்டிக்கொள்கிறது: எதற்கான, எதைப் பற்றிய. கிரிக்கெட்டுக்கான, தோட்டத்துக்கான, பழைய கார்களுக்கான. உள்ளே கடவுள் இருந்தவரை வெளியே ஒரு பொருள் தேவைப்படவில்லை. சாமி மலையேறியதும் காலியான இடத்தில் யாரையாவது உட்கார வைக்க வேண்டியிருந்தது, கிரிக்கெட் உட்கார்ந்தது.

தமிழாக்குபவர் தடுமாறும் இடமும் இதுவே. இன்றைய என்தூசியாசத்துக்குள் இரண்டு தமிழ்ச் சொற்கள் குடியிருக்கின்றன. வெளியே தெரியும் துள்ளல் உற்சாகம். ஒரு பொருளின் மேல் செல்லும் நாட்டம் ஆர்வம். அமைச்சருக்கு உற்சாக வரவேற்பு அளிக்கலாம், ஆர்வ வரவேற்பு அளிக்க முடியாது. அவளுக்கு வாசிப்பில் ஆர்வம் என்போம், வாசிப்பில் உற்சாகம் என்றால் காதில் இடறும். உற்சாகமே இல்லாமல் ஆர்வம் இருக்கலாம்: நூலக மூலையில் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கல்வெட்டுப் படி எடுக்கிறவரைப் பாருங்கள். ஆர்வம் இல்லாத உற்சாகமும் உண்டு: தேர்தல் ஊர்வலத்தில் கூலிக்கு ஆடுகிறவர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால்தான் நேர்முகத் தேர்வில் துள்ளுகிறவனை ஆர்வமுள்ளவன் என்று எண்ணி ஏமாறுகிறார்கள். ‘என்தூசியாஸ்ட்’ என்பதற்கு ஆர்வலர் என்று நாம் கண்ட சொல் நல்ல தேர்வு. குறளில் அன்புடையவரைக் குறித்த பழைய சொல்லைப் பறவை பார்ப்பவருக்கும் ஏரி காப்பவருக்கும் கொடுத்திருக்கிறோம்.

உற்சாகம் என்ற சொல்லுக்கும் தனி வரலாறு இருக்கிறது, அதில் சாமியே கிடையாது. சமஸ்கிருத ‘உத்ஸாக’த்தின் வேர் ‘சஹ்’, தாங்குதல், வெல்லுதல். சகிப்பும் சாகசமும் இதே வேரில் கிளைத்தவை. பரதரின் நாட்டிய சாத்திரத்தில் வீரச்சுவையின் நிலைத்த மெய்ப்பாடு உற்சாகம். அர்த்தசாத்திரம் அரசனுக்குச் சொல்லும் மூன்று ஆற்றல்களில் ஒன்றும் அதுதான். பாரம் தூக்குகிறவனின் சொல் அது, பரவசப்பட்டவனின் சொல் அல்ல. பிற்காலத்தில் நாமும் இலேசாக்கிவிட்டோம். செய்தித்தாள்கள் மதுவுக்கு ‘உற்சாக பானம்’ என்று இடக்கரடக்கல் வைத்திருக்கின்றன. ஊக்கமோ இன்னும் எளிய இடத்தில் தொடங்குகிறது. கலித்தொகையில் ஒருத்தி ஊசலில் அமர்ந்து கொஞ்சம் ஊக்கிவிடச் சொல்கிறாள். பின்னாலிருந்து ஒரு தள்ளு, அதுதான் ஊக்கு. திருக்குறளின் 60-ஆம் அதிகாரத்துக்கு வரும்போது தள்ளுகிற கை மறைந்து அது உள்ளத்தின் உடைமையாகிவிட்டது.

ஆகவே லாக்கையோ வெஸ்லியையோ தமிழில் தருகிறவர் ‘உற்சாகம்’ என்று எழுதினால் வாசகர் விழிப்பார். உற்சாகத்தை ஏன் இந்த மனிதர்கள் இவ்வளவு வெறுக்கிறார்கள்? அந்த இடத்துக்கு நம்மிடம் சொல் பஞ்சமே இல்லை. ஆவேசம் என்றால் உட்புகுதல். கிரேக்கச் சொல்லின் நேர் உடன்பிறப்பு. பரவசம் என்றால் பிறர் வசமாதல். சந்நதம், அருள், மருள் என்று கோயில் வாசலில் இன்னும் புழங்கும் சொற்கள் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் நடந்திருக்கின்றன. ஆவேசம் கோபத்தின் பக்கம் போய்ச் சட்டசபையில் உட்கார்ந்துவிட்டது: ‘ஆவேசமாகப் பேசினார்’. பரவசம் பக்தியையும் இசைக் கச்சேரியையும் விட்டு அதிகம் விலகவில்லை.

எல்லாவற்றிலும் விசித்திரமானது வெறி. வெறியாட்டில் அது முருகன் ஏறிய நிலை. பழம்பாடல்களில் நறுமணத்துக்கும் அதே சொல். இன்றைக்கு மதவெறி, சாதிவெறி, கொலைவெறி, வெறிநாய். யாழ்ப்பாணத்தில் ‘வெறியிலே வந்தான்’ என்றால் குடித்துவிட்டு வந்தான் என்று பொருள், குடிகாரனை வெறிக்குட்டி என்பார்கள். கிரேக்கச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் ஒரே வாசலிலிருந்து கிளம்பின, உடம்புக்குள் இறங்கிய கடவுளிடமிருந்து. ஒன்று மதவெறி என்ற பொருளைக் கடந்துபோய் நற்குணமானது. மற்றொன்று நற்சகுனமாகத் தொடங்கி மதவெறியில் வந்து நின்றது. இதற்குப் பண்பாட்டுக் காரணம் சொல்ல முயன்றால் எளிதில் உளறலாம் என்பதால் விட்டுவிடுகிறேன். ஆனால் சினிமா ரசிகர்கள் வெறியைத் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். ‘வெறித்தனமான ரசிகன்’ என்று ஒருவன் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறான். மதாம் த ஸ்தால் போன்ற ஒருவர் வேரைத் தோண்டிக் காட்டாமலேயே இது நடந்துகொண்டிருக்கிறது.

ஆங்கில ‘ஃபேன்’ கதையும் இங்கேதான் வருகிறது. லத்தீனில் ‘ஃபானும்’ என்றால் கோயில். கோயில் தெய்வம் ஏறப்பெற்றவன் ‘ஃபனாட்டிகுஸ்’. அதிலிருந்து ஃபனாட்டிக், அதன் சுருக்கமாக அமெரிக்க பேஸ்பால் மைதானத்தில் பரவிய ஃபேன். நம் பத்திரிகைக்காரர்கள் அதைக் காற்று வீசும் ஃபேனாக எடுத்துக்கொண்டு ‘விசிறி’ என்று தமிழாக்கி, நடிகர்களுக்கெல்லாம் விசிறிகளைக் கொடுத்தார்கள். வேடிக்கையாகச் செய்தார்களா விவரம் புரியாமல் செய்தார்களா, சொல் நிலைத்துவிட்டது. கட்அவுட்டுக்குப் பாலபிஷேகம் செய்யும் விசிறி, தான் அறியாமலே லத்தீன் வேருக்குத் திரும்பியிருக்கிறான்.

மற்ற உறவுச் சொற்களை வேகமாகப் பார்த்துவிடலாம். ‘ஈகர்’ லத்தீனில் கூர்மைக்கும் புளிப்புக்கும் ஆன சொல்லிலிருந்து வருகிறது, வினிகரின் பின்பாதியும் அதுவே. ஆகவே அதில் ஒரு தவிப்பு உண்டு, காத்திருக்கும் வாயில் ஊறும் எச்சில் போல. ‘கீன்’ பிரிட்டிஷ்காரர் அடிக்கடி சொல்வது, துள்ளாத ஆர்வம். ‘ஸீல்’ கடமையும் மதமும் கலந்த வேகம். கிரேக்க மூலம் ஒன்றே, ‘ஜெலஸ்’ என்ற பொறாமைச் சொல்லும் அதன் பிள்ளை. பழைய தமிழ் வேதாகமம் ஒரு பிள்ளையை வைராக்கியம் என்றும் மற்றதை எரிச்சல் என்றும் அழகாகப் பிரித்தது. ‘பேஷன்’ இன்னும் சுவை. அதன் வேர் துன்பப்படுதல். தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதை மறக்கவில்லை, இயேசுவின் ‘பாடுகள்’ என்றே சொல்கிறார்கள். வேலை விளம்பரத்தில் ‘பேஷனேட்’ ஆட்கள் தேவை என்று போடும் கம்பெனி, பாடுபட ஆள் கேட்கிறது என்று படித்தால் சம்பளப் பேச்சு தெளிவாக இருக்கும்.

‘என்தூஸ்’ என்ற வினைச்சொல் பின்னால் வெட்டி எடுத்தது. அதன் மிகப் பழைய பதிவு 1827-ஐச் சேர்ந்தது. வட அமெரிக்க மேற்குக் காடுகளில் செடி சேகரித்த டேவிட் டக்ளஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் எழுதியது. டக்ளஸ் ஃபிர் என்ற பெருமரம் இவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. மரத்தை யாரும் குறை சொல்லவில்லை. சொல்லை மட்டும் இலக்கண வாத்தியார்கள் இன்றுவரை முகம் சுளித்தே பார்க்கிறார்கள்.

பழைய ஆங்கிலக் கண்டிப்பு முழுக்கச் செத்துவிடவில்லை. அதைத் தமிழில் சொல்ல அண்மைக்காலத்தில் நாமே ஒரு சொல்லைச் செய்துகொண்டோம்: ஆர்வக்கோளாறு. அளவுக்கு மீறிய ஆர்வத்தை ஹென்றி மோரின் வாயுவைப் போலவே உறுப்புக் கோளாறாகப் பார்க்கும் சொல். கேட்காமலே முந்திக்கொண்டு பதில் சொல்லும் முந்திரிக்கொட்டைக்கும், மீட்டிங் முடியும் நேரத்தில் கை தூக்குகிறவனுக்கும் பொருந்தும். ஷாஃப்ட்ஸ்பரியின் சிரிப்பு அதில் இருக்கிறது, நெற்றியில் சூடு போடும் கொடுமை இல்லை.

நம் கல்லூரி விடுதிகளில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு கட்டம் நடந்தேறியிருக்கிறது. அங்கே அது ‘என்து’. ‘மச்சான், செம என்துவா இருக்கான்டா’, ‘நமக்கு என்து இல்லடா, நீ போ’. அடுத்த நாள் கலைவிழாவுக்கு இரவெல்லாம் விழித்துத் தோரணம் கட்டுகிறவனைச் சொல்வது, பாதி பாராட்டும் பாதி நையாண்டியுமாக, பிளேட்டோ சொன்ன அதே இரட்டை முகத்தோடு. நறுக்கியதில் ‘என்’ முழுசாகத் தப்பிவிட்டது. கடவுளில் ஒரு ‘து’ மட்டும் மிஞ்சியிருக்கிறது.